இரண்டு பஸ், இருபது நிமிடம்

கேள்வி: பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஒன்பது மாதமாக ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் டி.இ.ஐ.சி.யில் (வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம்) தெரபிஸ்டாக இருக்கிறேன். ஒப்பந்த வேலை, மாதம் 23,000 ரூபாய். மதியத்துக்குள் பதினைந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் 45 நிமிட செஷன் என்று கற்றேன். இங்கே 20 நிமிடம் கிடைப்பதே அபூர்வம். ரெஜிஸ்டரைப் புரட்டினால் பாதிப் பேருக்கு மேல் மூன்று, நான்கு தடவை வந்துவிட்டு நின்றிருக்கிறார்கள். செங்கல் சூளையிலிருந்து ஓர் அம்மா இரண்டரை வயதுப் பையனோடு நாலு வாரம் வந்தார். அவன் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்த வாரத்தோடு அவரும் வரவில்லை. வீட்டில் செய்யச் சொன்னால் யாரும் செய்வதில்லை. ஆறு வயது முடியப்போகிற இன்னொரு பையனின் கேஸை முடித்துவிடச் சொல்கிறார் மேனேஜர். அவன் இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. கோவையில் ஒரு தனியார் சென்டர் 40,000 தருவதாகச் சொல்கிறது. நான் இங்கே செய்வது சிகிச்சையா, கணக்குக் காட்டும் வேலையா? போய்விடட்டுமா?

பதில்: போகலாமா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் ரெஜிஸ்டர். நின்றுபோனவர்களில் ஒருவருக்காவது போன் போட்டு, "ஏன் வரல?" என்று கேட்காமல், "எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க, எந்த பஸ்ல வந்தீங்க?" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. "வீட்டில் யாரும் செய்வதில்லை" என்பது மட்டும் இருக்கிறது. அதே வார்த்தையை நானும் ஏழெட்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டி.இ.ஐ.சி. என்று எதுவும் கிடையாது. குழந்தைகளைப் பரிசோதித்துக் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்ததே 2013-இல். மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம் என்பது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு அரசு மானியத்தில் ஓடிய ஒரு சிறிய மையத்தில் இருந்தேன். வருகிற ஒவ்வொரு அம்மாவுக்கும் பதினொரு பயிற்சிகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பேன். படங்களோடு, நானே தயாரித்தது, பெருமை வேறு. ஓர் அம்மா மூன்று வாரம் கழித்து வந்தார். குழந்தையிடம் ஒரு மாற்றமும் இல்லை. "பேப்பர் எங்கம்மா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் ரேஷன் கார்டு, தாய் சேய் அட்டை, அவற்றோடு என் தாள். லேமினேட் செய்திருந்தார். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை, பூஜையறையில் வைக்கிற சாமி படம் மாதிரி. அவருக்கு எழுத்து தெரியாது. நான் கேட்டிருக்கவில்லை.

கையில் இருந்த காசில் லேமினேட் போட்டவரை அக்கறையில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அன்றோடு அந்தத் தாளை நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்த இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இனி பஸ் கணக்கு. ஊரிலிருந்து டவுன் பஸ். 2021-இலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை, சரி. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் இறங்கி அடுத்தது மப்சல் பஸ். அதற்கு டிக்கெட் உண்டு. ஓ.பி. சீட்டு வரிசை. உங்கள் அறை வாசலில் காத்திருப்பு. அதன் பிறகு நீங்கள், இருபது நிமிடம். திரும்பவும் அதே இரண்டு பஸ். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர மூன்றரை, நாலு. அன்றைய கூலி போச்சு. பெரிய பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். சூளையில் குடும்பமாக முன்பணம் வாங்கியவர்கள் என்றால் ஓர் ஆள் ஒரு நாள் வராதது கல் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். கணவர் கேட்காவிட்டாலும் மேஸ்திரி கேட்பார். மழை பிடித்தால் சூளையே நின்று, குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பிவிடும். உங்கள் அம்மா நின்றது எந்த மாதம் என்று பாருங்கள். பையனின் முன்னேற்றத்துக்கும் அவர் நின்றதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெரா டெஸ்ட், அதாவது செவித்திறன் சோதனை. இரண்டு வயதைத் தாண்டிய பெண் குழந்தை, பேச்சே இல்லை. காது கேட்கிறதா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். குழந்தை தூங்கினால்தான் பெரா எடுக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "ராத்திரி லேட்டா தூங்க வைங்க, விடிகாலைல எழுப்பிடுங்க, வர்ற வழியில தூங்க விடாதீங்க." ஜன்னலோரம் காற்று, இரண்டு மணி நேர பஸ், அம்மாவின் தோள், குழந்தை தூங்காமல் என்ன செய்யும்? பத்தரைக்கு என் முன்னால் இறங்கியபோது முழுத் தூக்கம் தூங்கி எழுந்த தெளிவில் இருந்தது. மருந்து கொடுத்தும் கண்ணை மூடவில்லை. ஒரு மணிக்கு அறையைப் பூட்டினார்கள். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது தடவை அவர் வரவில்லை. "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். எட்டு மாதம் கழித்து, அங்கன்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு திரும்ப அனுப்பி வந்தார்கள். இரண்டு காதிலும் கடுமையான கேளாமை. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று நாம் பாடம் படிக்கிறோம். அந்தக் குழந்தைக்கு மூன்று வயதில் உறுதியானது. அதில் எட்டு மாதம் என் கணக்கில்.

அதற்குப் பிறகு தூரத்து ஊர்க் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தைக் கொடுத்தோம். பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் காலை. பஸ்ஸில் தூங்கினால் தூங்கட்டும். வந்து விளையாடி, சாப்பிட்டு, களைத்துத் திரும்பவும் தூங்கும். இதற்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. டெக்னீஷியன் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினார், அவ்வளவுதான்.

இனி உங்கள் இருபது நிமிடம். ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் என்றால், அந்தக் குழந்தை விழித்திருக்கும் மீதி நேரமெல்லாம் வேறு யாரோடோ கழிகிறது. 45 நிமிடம் கொடுத்தாலும் இதுவே நிலைமை. குழந்தையை நீங்களே "சரிசெய்து" அனுப்பப் பார்த்தால் இருபது போதாது, அறுபதும் போதாது. அம்மாவின் கையில் ஒரே ஒரு விஷயத்தைக் கொடுத்து, அவர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்த்து அனுப்புவதற்கு இருபது நிமிடம் தாராளம். உங்கள் பழைய பழக்கம் இதற்குக் குறுக்கே வரும். குழந்தையைப் பார்த்ததும் கை தானாக பிளாஷ் கார்டுக்குப் போகும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பாயில் குழந்தைக்கு எதிரே அம்மா உட்காரட்டும். நீங்கள் அவர் தோளுக்குப் பக்கத்தில்.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். இரண்டேகால் வயதுப் பெண். காது நன்றாகக் கேட்கிறது, பேர் சொன்னால் திரும்புவதில்லை. எது வேண்டுமானாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பொருள்மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அம்மா பூக் கட்டுகிறவர். "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன நடக்கும், ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றேன். ஒருவர் தன் நாளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எந்த பாரத்திலும் இந்தக் கேள்வி இல்லை. நான் கேட்பதிலேயே உருப்படியானது இதுதான். நடுவில் சொன்னார்: "பூக் கட்டையில பக்கத்துல வந்து உக்காந்து நாரை இழுத்து இழுத்துப் போடுவா. கையத் தட்டி விட்டுருவேன். மொழக் கணக்குல காசு, என்ன பண்ண?"

தானாக வந்து பக்கத்தில் உட்காருகிறாள்! இதற்குத்தானே நாம் பொம்மைக்கடையையே பரப்பி வைத்துக்கொண்டு தவம் கிடக்கிறோம். அடுத்த தடவை வரும்போது நாரும் கொஞ்சம் பூவும் எடுத்துவரச் சொன்னேன். ஈர நாரைக் கிழித்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார் அம்மா. உடனே கொடுக்க வேண்டாம், மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், அதற்குள் ஒரு நொடி உங்களைப் பார்த்தாலும் "நாரு" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இவ்வளவே பாடம். முதலில் அவர் மூன்றைத் தாண்டி எண்ணவில்லை, கை பதறிக் கொடுத்துவிட்டார். ஐந்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று நமக்கே அப்போதுதான் தெரியும். நாலாவது தடவை பெண் நாரைப் பார்த்தாள், நார் வராததால் நாரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள், விரலுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாரு என்று சொல்ல மறந்துபோனார். ஒன்றரை மாதத்தில் "நா" என்று ஒரு சத்தம் வந்தது. மையத்துக்கு வந்தது மொத்தம் ஐந்து தடவை. பூ தினமும் கட்டினார்.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு நார் இருக்கும். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, ஆட்டுக்குத் தழை போடுவது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பயிற்சித் தாள் வேண்டாம். இன்னொன்று: டி.இ.ஐ.சி.யில் இயன்முறை சிகிச்சையாளர், சிறப்புக் கல்வியாளர், உளவியலாளர், நீங்கள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய வசதி என்கிறோம். அம்மாவின் பக்கமிருந்து பார்த்தால் நாலு அறை, நாலு ஹோம்வொர்க். வாரத்தில் ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில் நாலு பேரும் சேர்ந்து, இந்தக் குழந்தைக்கு இந்தப் பதினைந்து நாளைக்கு இது ஒன்றுதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிற்க வைப்பதும் "தா" என்று கேட்க வைப்பதும் திண்ணை ஓரத்தில் வைத்த ஒரே தம்ளரில் நடக்கும்.

பாட்டிகளைப் பற்றி. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். "இவ அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்பார்கள். நாக்கில் வசம்பு தேய்த்திருப்பார்கள், நாக்குக்கடியில் அறுத்துவிட்டால் பேசிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள், வீட்டில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பது அவர்தான், அவரை இழந்தால் பாதி வீட்டை இழந்த மாதிரி. வசம்பை உரசி உள்ளே கொடுக்க வேண்டாம் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு உள்ளங்கையில் நண்டு ஊருது நரி ஊருது விளையாடச் சொல்லுங்கள். விரல் கையேறி அக்குளுக்குப் போவதற்கு ஒரு கணம் முன்பு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நிறுத்தத்தில் குழந்தை முகத்தை நிமிர்த்தும். நாம் படித்து வந்த "எதிர்பார்ப்பு", "கூட்டுக் கவனம்" இரண்டும் அந்த அக்குளில்தான் இருக்கின்றன. பாட்டிக்கு அது ஏற்கெனவே தெரியும். நிறுத்தத்தை நீட்டுவது மட்டும் நம் பங்கு.

சொல்லப்போனால் வளர்ச்சிப் படிநிலைகள் நமக்கு ஆர்.பி.எஸ்.கே. கார்டோடு வந்தவை அல்ல. பிள்ளைத்தமிழில் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கு: ஒரு காலை மடக்கி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம், இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. வருகைப் பருவம் ஒரு வயதை ஒட்டி, தளர்நடை நடந்து வருவது. கவிஞர்கள் சாமியையும் அரசரையும் பாடினார்கள் என்றாலும் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது. தமிழ் கொஞ்சம் படித்த தாத்தாவிடம் இதைச் சொல்லி, "உங்க பேரன் இன்னும் செங்கீரையிலதான் இருக்கான் ஐயா" என்றபோது, அவர் அடுத்த வாரம் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாத் தாத்தாவிடமும் இது எடுபடாது.

அவர்கள் கேட்கப்போகிற கேள்வி ஒன்றுதான்: "சரியாயிடுமா?" ஆகிவிடும் என்று சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் ஆறு மாதம் கழித்து அடுத்த ஊரில் இன்னொருவர் "மூணு மாசத்துல பேச வைக்கிறேன்" என்று சொல்கிற இடத்துக்குப் போவார்கள். ஆகாது என்றும் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. "இப்ப இவனால இது முடியுது, அடுத்து இதைப் பார்ப்போம், மூணு மாசத்துல திரும்ப உக்காந்து பேசுவோம்" என்று சொல்லிப் பழகுங்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா என்று உளவியலாளர் தீர்மானிக்க மாதங்கள் ஆகலாம். நாரைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணுவது இரண்டுக்குமே பொருந்தும். "போன் பார்த்துப் பார்த்து ஆட்டிசம் வந்துருச்சு" என்று குற்ற உணர்வோடு வருகிறவர்களிடம், போன் பார்ப்பதால் ஆட்டிசம் வராது என்பதைச் சொல்லிவிட்டு, போன் எடுத்துக்கொள்கிற நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தேனா, பப்பாளி தின்றேனா என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கும் அம்மாவிடம், "நீங்க செஞ்சதால வந்ததில்ல" என்று சத்தமாக, மாமியாரும் கணவரும் கேட்கும்படி சொல்லுங்கள். நான் சொன்ன வாக்கியங்களிலேயே வீட்டுக்குள் அதிகம் வேலை செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காகிதம். அது சமூகப் பணியாளர் வேலை, தெரபிஸ்ட் வேலை இல்லை என்று நினைப்பீர்கள். உங்கள் மையத்தில் அந்த இடம் காலியாக இருந்தால்? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் சலுகைகள் பலவும் அதன் வழியே வரும். ஒரு வயது முடிந்தால் சான்றிதழ் கேட்கலாம். ஐந்து வயது வரை அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்றுதான் வரும். ஐந்து முடிந்ததும் திரும்ப மதிப்பிட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "போன தடவை வேற எழுதியிருந்தாங்களே, நோய் முத்திடுச்சா?" என்று பதறுவார்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கேளாமை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (காதுக்குள் கேட்புக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) ஆறு வயதுக்குள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். தூரத்து ஊர்க்காரருக்கு உங்கள் அப்பாயின்ட்மென்டையும் திங்களுக்கே வைத்தால் இரண்டு பஸ் மிச்சம்.

உங்கள் மாத அறிக்கை எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்கும். வந்தவர்களில் யாருக்கு என்ன மாறியது என்று கேட்கிற கட்டம் அதில் இல்லை. எத்தனையோ மீட்டிங்கில் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள், குழந்தைக்கு ஒரு பக்கம். தேதி, அன்று அம்மா சொன்ன ஒரு விஷயம், கொடுத்தனுப்பிய ஒரு விஷயம், எந்த பஸ். இரண்டு தடவை வராவிட்டால் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன். நடமாடும் குழு வருடத்தில் இரண்டு முறை அங்கன்வாடிக்குப் போகிறது. நம் பட்டியலை அவர்களிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள், பெரும்பாலும் மனமுவந்து. நாம் கேட்பதில்லை.

சரி, கோவை. நீங்கள் போனால் துரோகம் என்று யாராவது சொன்னால் அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் ஒப்பந்தம், "எக்காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்படமாட்டாது" என்று விளம்பரத்திலேயே வருகிற வரி, அதில் கையெழுத்துப் போட்டு வாங்கும் உறுதிமொழி. இதையெல்லாம் வைத்துக்கொண்டு சேவை மனப்பான்மை பற்றி வகுப்பெடுப்பது எனக்குப் பிடிக்காது. பத்து வருடம் அதே வேலையில் இருப்பவரைத் தற்காலிகம் என்று அழைப்பது தவறு. அதனால்தான் நல்ல தெரபிஸ்டுகள் நிற்பதில்லை, தெரபிஸ்ட் நிற்காததால்தான் குழந்தைகளும் நிற்பதில்லை. நானும் ஒரு முறை போனேன். கடன் இருந்தது. மூன்று வருடம் தனியாரில் இருந்தேன், கடனை அடைத்தேன், கை நிறையப் பொருள்களோடு 45 நிமிட செஷன் எடுத்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன், மறுக்கவில்லை. அங்கேயும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா போனில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நான் குழந்தையோடு. ஒரு நாள் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டேன். "பேரன்ட்ஸ் உள்ள வந்தா செஷன் குறையும் மேடம்" என்றார் முதலாளி. அது எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் சென்டர் வேறு மாதிரி இருக்கலாம். இன்டர்வியூவில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: அம்மா அறைக்குள் உட்காரலாமா?

எங்கே இருந்தாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள், தொடர் கல்விப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதல் ஒன்பது மாதத்தை வைத்து இந்த வேலையை எடை போடாதீர்கள் என்பேன். குடும்பச் சுமை அனுமதித்தால், மேலே சொன்ன மாதிரி நோட்டுப் போட்டு ஒரு ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அனுமதிக்காவிட்டால் போய்விடுங்கள், மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். நோட்டை மட்டும் அடுத்து வருகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் போனபோது கொடுக்கவில்லை. என் இடத்துக்கு வந்தவர் எல்லா அம்மாவிடமும் முதல் நாளிலிருந்து கேள்வி கேட்டார். அதில் சில பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சூளை அம்மாவுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். நம்பர் மாறியிருந்தால் அவர் சொந்த ஊர் அங்கன்வாடியில் விசாரியுங்கள். வேறு மாவட்டம் என்றால் அந்த ஊர் டி.இ.ஐ.சி.க்கு நீங்களே பேசிவிட்டு, பிறகு அவரிடம் முகவரியைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க ஆரம்பித்த பையன். அங்கே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஆறு வயதுப் பையன் விஷயத்தில் மேனேஜர் சொல்வதில் பாதி சரி. ஆர்.பி.எஸ்.கே. 18 வயது வரை பார்க்கிறது என்றாலும் ஆறுக்குமேல் பள்ளிக்கூடத்தின் பங்குதான் பெரிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை அவன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். "ரெஃபர்டு" என்று எழுதி மூடிவிடாதீர்கள். அந்தப் பயிற்றுநரின் பெயர், நம்பர் வாங்கி, ஒரு நாள் அம்மா, பையன், அவர், நீங்கள் என்று நாலு பேரும் ஒரே அறையில் உட்காருங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் கடிதம் எழுதுங்கள், தமிழில், நம் தொழில் வார்த்தைகள் எதுவும் இல்லாமல். அவனுக்குப் பிடித்தது என்ன, எதற்குப் பயப்படுவான், கூட்டமாகச் சத்தம் வந்தால் எங்கே உட்கார வைக்கலாம், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான். ஒன்றுக்கு வந்தால் எப்படிக் காட்டுவான் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். பள்ளியில் முதல் வாரமே அதில்தான் பல பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.